அறிவியல் கூடத்துக்கு வந்த பிரம்மா

எங்கள் அத்தை சாமி கும்பிடுவதைப் பார்த்தால் சாமிக்கே கொஞ்சம் அலுத்துவிடும். அப்பாவின் அக்கா, மந்தைவெளியில் எங்களோடுதான் இருந்தாள். குளித்து, கோயிலுக்குப் போய், திருநீறு பூசிக்கொண்டு அவள் கிளம்பிப் போவது ஓர் அறிவியல் காட்சிக்கூடத்துக்கு. உயிர்கள் தோன்றிய கதையைச் சொல்லும் அறை அவள் பொறுப்பு. மீனுக்குக் கால் முளைத்துக் கரையேறியதை அவள் சொல்லிக் கேட்டால், கூடவே நாமும் ஏறிவந்த மாதிரி மூச்சு வாங்கும்.

நான் ஆறாவது படித்த வருடம், காலாண்டு விடுமுறையில் என்னையும் அழைத்துப் போயிருந்தாள். அன்று தி. நகர் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் கூடத்துக்கு நன்கொடையாக வேனில் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து இறக்கினார். என் உயரத்துக்குப் பிரம்மா! தாமரையில் உட்கார்ந்திருந்தார், காலடியில் எறும்பு முதல் யானை வரை. அத்தையின் அறையில், கால் முளைத்த அந்த மீனின் மாதிரி உருவத்துக்குப் பக்கத்தில் வைப்பதாக ஏற்பாடு. கூடத்தின் இயக்குநர் பொன்னாடையோடு காத்திருந்தார். இது எங்கள் கொலுவில் இருந்தால் நாலு தெரு திரண்டு வருமே என்று எனக்கு ஒரே ஏக்கம்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இந்த ரூம்ல வேண்டாம் சார்" என்றாள்.

முதலாளியின் முகம் வாடிவிட்டது. "என்னம்மா இப்பிடிச் சொல்லுதீங்க? நீங்க சாமி கும்பிடுத ஆளுதானே?"

"அதனாலதான் சொல்றேன். இங்க எதைப் பார்த்தாலும், 'இது எப்படித் தெரியும்?'னு கேளுங்கோன்னு கொழந்தைகளுக்குச் சொல்லிண்டிருக்கேன். நாளைக்கு ஒரு பையன் பிரம்மாவைக் காட்டி அதையே கேட்பான். நான் என்ன சொல்ல? ஆத்துல அவரை நான் ஒண்ணும் கேக்கறதில்லை, நமஸ்காரம் பண்றேன்."

"சொன்னதைச் செய்யுங்கம்மா" என்று இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"எழுதிக் குடுங்கோ சார். நானும் எழுத்துலயே பதில் தரேன்."

அவர் எழுதவில்லை. பிரம்மா வேனில் ஏறினார். முதலாளி மட்டும் கிளம்புமுன் அந்த மீனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். அருமையான பொம்மையை விரட்டிவிட்டாளே என்று வீடு வரும்வரை நான் அத்தையோடு பேசவில்லை.

அடுத்த மாதம் அத்தையை வாசலில், நுழைவுச்சீட்டு கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அவள் தலையசைத்தால்தான் வரிசை நகர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க அத்தைக்கு ப்ரமோஷன்! அவ விட்டாதான் யாருமே உள்ள போக முடியும்" என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஆமாண்டி, இப்போ எல்லாருக்கும் முன்னாடி நான்தான்" என்று அத்தை சிரித்து, எனக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

ஓய்வு பெறும்வரை அவளை அந்த அறையில் மறுபடி பேச விடவில்லை. அது தண்டனை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என் பெருமை கூடித்தான் போயிற்று.