பாதருக்கு எட்டுப் பிள்ளைகள்

ஒரு ஜாம் போத்தல், அதில் மூன்று வெள்ளைப் பூக்கள். இருபது வருடங்களுக்கு முன்னர், லண்டனில் நான் துப்புரவு வேலை செய்த இறையியல் கல்லூரியின் மண்டபத்தில், ஒரு பெரிய ஓவியத்தின் கீழே அதைக் களவாக வைத்தேன். கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரப் பாதர் ஒருவர், வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற ஓவியம். நானோ மன்னார்க் கத்தோலிக்கக்காரி. அங்கி, வேதப்புத்தகம், ஒட்டிய கன்னம். ஒரு புனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த காலம் அது. அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி, மேல்முறையீடு மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் போனால் மகளோடு விமானம் ஏற வேண்டியதுதான். தரை துடைத்து முடித்ததும் தினமும் அவர் முன்னால் முழந்தாளிட்டு மன்றாடினேன்.

ஒருநாள் கல்லூரி முதல்வர் கண்டுவிட்டார். அவர் ஆங்கிலிக்கன் குருவானவர். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவரோ, என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

"எடியே, இவர் புனிதரும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்தக் காலத்துப் பிரின்சிபலாம். எட்டுப் பிள்ளையளாம்!"

"பாதருக்கு எட்டுப் பிள்ளையோ? என்ர மாதாவே!"

ஆங்கிலிக்கன் குருமார் கலியாணம் கட்டலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல்வர் சிரிக்கவில்லை. ஓவியத்தில் இருந்தவரின் கதையை ஆறுதலாகச் சொன்னார். விக்டோரியா மகாராணி காலத்தில், கிராமத்துக் கோயிலில் இருந்து கல்லூரித் தலைவராக வந்தவராம். பொல்லாத கோபக்காரர். அவர் பிரசங்கம் வைத்தால் பாதிச் சனம் நித்திரையாம். ஆனால், சவக்குழி வெட்டுபவரின் மகனைச் சேர்க்க முடியாது என்று நிர்வாகசபை சொன்னபோது, "அவனுக்கு இடம் தரும்வரை நான் நாற்காலியில் இருக்கமாட்டேன்" என்று கூட்டம் முடியும்வரை நின்றாராம். அதனால்தான் அந்த நாற்காலி வெறுமையாம். சொல்லிவிட்டு, எதற்காக மன்றாடுகிறாய் என்று கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன்.

வழக்கு நாளில் எனக்குச் சாட்சி சொல்ல அவரே வந்தார். நீதிபதி நாற்காலியில் இருக்கச் சொன்னதும், நின்றே சொல்கிறேன் என்றார். முழங்கால் வருத்தக்காரர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கடைசிவரை நின்றது மட்டும் தெரிந்தது. எங்களை இந்த நாட்டில் இருக்க விட்டார்கள்.

போன மாதம் மகள் வீட்டிலிருந்து என்னைக் காரில் அந்தக் கல்லூரிக்குக் கூட்டிப் போனாள். முதல்வர் காலமாகிவிட்டார், அவருடைய படமும் இப்போது மண்டபத்தில் இருக்கிறது. ஓவியர் அவரை வசதியாக நாற்காலியில் இருத்தியிருக்கிறார். இருக்கட்டும், பாவம். பையிலிருந்து ஜாம் போத்தலை எடுத்தேன்.

"அம்மா, இவரும் புனிதர் இல்லை" என்றாள் மகள்.

"ஓம், தெரியும்" என்றேன். பூக்களைக் கீழே வைத்தேன். முழந்தாளிட எனக்கும் இப்போது ஏலாது. நின்றுகொண்டே நன்றி சொன்னேன்.