எனக்கென்று ஒரு றிவோல்வர்

சுடும் கழகத்தை நான் பதினொரு வருடம் கூட்டித் துடைத்தேன். ஜேர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து ரெயினில் அரை மணித்தியாலம் போனால் வரும் சின்ன ஊர். மேலே பியர் குடிக்கிற மண்டபம், கீழே நிலவறையில் இருபத்தைந்து மீற்றர் நீளத்தில் சுடுகிற இடம். மேலே மேசைகளைத் துடைத்துவிட்டுக் கீழே போய்ச் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கூட்டி வாளியில் அள்ளுவேன். அறுபத்தாறு வயதில் வேலையை விட்டேன். விட்ட அடுத்த கிழமை அதே கதவால் உள்ளே போய், என்னைக் கழகத்தில் சேருங்கள் என்று கேட்டேன்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. அங்கே ஒரு கிழவி சுடுவாள். தபால் கொடுத்துப் பென்சன் எடுத்தவள், என்னைவிடப் பத்து வயது மூப்பு. இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் நீண்ட குழல் றிவோல்வரைத் தூக்குவாள். தூக்கினால் ஆளே அடங்கிப்போவாள். சுட்ட பிறகுதான் மூச்சு விடுவாள். பதினொரு வருடம் அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டு கோது கூட்டினேன். எனக்கும் அது வேண்டும் என்று நினைத்தேன்.

மகள் கத்தினாள்.

"விசரே அம்மா உங்களுக்கு? துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனீங்கள்?"

"ஓம். அது மற்றவன்ர கையில இருந்தது."

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது கதை எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர்ப் பந்தலில் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "என்னக்கா, ஆரைச் சுடப் போறியள்?" என்றாள்.

"கடதாசியைத்தான். உன்னைப் பற்றி இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மோரை என் கையில் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

தபால்காரி தன் றிவோல்வரிலேயே என்னைச் சுடவிட்டாள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட சாமான். வால்நட் மரக் கைப்பிடி, அவள் கை பட்டுப்பட்டு மினுங்கும். ஆறு தோட்டா போடலாம். தோட்டா என் சுண்டுவிரல் நகத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம், அவ்வளவுதான். சுத்தியல் அதன் விளிம்பில் அடித்தால் வெடிக்கும். உதைக்காது, அதிரச் சத்தம் போடாது. பெருவிரலால் சுத்தியலை இழுத்து, முன் குறியைப் பின் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அமத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக்கூடாது. பதினொரு வருடம் மொப் பிடித்த கை நடுங்கவில்லை. ஒரு வருடம் ஒரு கிழமையும் தவறாமல் போனேன்.

அந்த ஐப்பசியில் தபால்காரி என்னை மேலே கூப்பிட்டு இருத்தினாள். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மாசியில் ஹம்பேர்க்கில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். அங்கே துவக்கு வைத்திருக்க விடமாட்டார்கள். துவக்கு வைத்திருக்கிற அனுமதி அட்டை உள்ளவருக்கு மட்டுந்தான் கொடுக்கலாம். அட்டைக்குச் சோதனை எழுத வேண்டும்.

"தை மாதச் சோதனையில நீ பாஸ் பண்ணினா இது உனக்கு" என்றாள். "இல்லையெண்டா அலுவலகத்தில குடுத்திடுவன். உருக்கிப்போடுவினம். கடைக்காரனுக்குக் குடுக்கமாட்டன்."

அடுத்த சோதனை ஆடியில்தான். அதற்குள் றிவோல்வர் இருக்காது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். டொச், அதாவது ஜேர்மன் மொழி, எனக்குக் காதால் வந்தது, கண்ணால் அல்ல. சோதனைக் கேள்விகளோ ஒரு தடித்த புத்தகம். மகளிடம் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"விண்ணப்பிச்சுக் கேட்டா சோதனையில கேள்வியை வாசிச்சுக் காட்டுவினம் அம்மா. வயசானாக்களுக்கு விடுவினம்."

"மற்றவைக்கு எப்பிடியோ எனக்கும் அப்பிடித்தான். நீ வாசி, நான் பாடமாக்கிறன்."

"இவ்வளவத்தையுமோ?"

"எட்டு வயசில தேவாரம் பாடமாக்கினனான். புத்தகம் பாத்தே பாடமாக்கினனான்?"

சனிக்கிழமைகளில் நான் மரக்கறி வெட்ட அவள் வாசித்தாள். முதலில் முகத்தை நீட்டிக்கொண்டுதான். பிறகு நான் பிழையாகச் சொன்னால் அகப்பையால் மேசையில் தட்டினாள். சொற்களைக் காதில் போட்ட பிறகு அவற்றின் உருவத்தைக் கண்ணில் பதித்தேன். நீளமான சொல், நடுவில் இரண்டு கொம்பு நிமிர்ந்தால் அது துவக்கைப் பூட்டி வைக்கிற சட்டம். இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

இதற்கிடையில் ஒரு மடத்தனமும் செய்தேன். சுட்டவரே துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும் என்பது கழகத்து வழக்கம். அங்கிருக்கும் எண்ணெய் மண்ணெண்ணெய்போல் மணக்கும். எனக்குப் பிடிக்காது. ஊரில் தையல் மெஷினிலிருந்து கதவுப் பிணைச்சல் வரை நாங்கள் தேங்காயெண்ணெய்தான் விடுவோம். அந்த றிவோல்வரை இனி என்னுடையது என்று மனதில் எடுத்துவிட்டேன். நல்ல சாமானுக்கு நல்ல எண்ணெய் என்று, சோதனைக்கு முதல் கிழமை கைப்பையிலிருந்த சின்னப் போத்தலைத் திறந்து இடுக்கெல்லாம் தாராளமாக விட்டேன். குளிர்காலத்தில் ஒவ்வொரு காலையும் கட்டியாகிக் கிடக்கும் அதே எண்ணெயை, வீட்டைச் சூடாக்குகிற ஹைற்சுங்கில் வைத்து உருக்கித் தலைக்குப் பூசுகிறவள் நான். அது கட்டிப்படும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரம் அது நினைவில் வரவில்லை.

சோதனையன்று காலை எழுத்து. ஆண்கள் அரைவாசி நேரத்தில் எழுதி முடித்து வெளியே போய்ச் சிகரெட் பிடித்தார்கள். நான் கடைசி நிமிடம்வரை இருந்து ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டுப் புள்ளடி போட்டேன். மத்தியானம் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. இன்னும் நிலவறைச் சோதனை இருந்தது.

அன்று நிலவறையில் ஹைற்சுங் பழுது. மூச்சு புகையாகப் போனது. சோதனையாளர் நரைத்த மீசைக்காரர், மாவட்டத்திலிருந்து வந்தவர். தபால்காரி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்து தோட்டா போட்டு, கையைத் தூக்கி, மெல்ல அமத்தினேன். டக். வெடிக்கவில்லை.

எனக்கு முன்னால் சுட்ட இருவர் இப்படி வெடிக்காத கணத்தில்தான், கையில் துவக்கோடு சோதனையாளர் பக்கம் திரும்பித் தோற்றுப்போனார்கள். எனக்கும் திரும்பி, இது ஏன் இப்படி என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. திரும்பவில்லை. குழலை இலக்கிலேயே வைத்துக்கொண்டு, மகள் அகப்பையால் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தபடி, தோட்டா பிந்தி வெடிக்கலாம் என்பதால், மனதுக்குள் ஒன்று இரண்டு என மெதுவாக எண்ணினேன். பிறகு உருளையைத் திறந்து தோட்டாவை எடுத்து மேசையில் வைத்து, மூடி, மறுபடி தூக்கினேன். டக். இரண்டாவதும் வெடிக்கவில்லை. மறுபடி எண்ணினேன். மூன்றாவது வெடித்தது. நான்கும் ஐந்தும் வெடித்தன.

சோதனையாளர் றிவோல்வரை வாங்கிச் சுத்தியலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தார். வெள்ளையாகத் தயிர்போல் ஏதோ திரண்டிருந்தது.

"இது என்ன?"

"தேங்காயெண்ணெய்" என்றேன். "நான்தான் விட்டனான்."

"பொரிக்கிறதுக்கோ?"

"பொரிக்கிறதுக்கும், தலைக்கும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வெடிக்காத துவக்கோட திரும்பினாக்களை நான் வீட்டை அனுப்பிறனான். நீங்கள் ரெண்டு தரமும் திரும்பேல்லை" என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டார். பாஸ்.

தபால்காரி எழும்பி வந்தாள். வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்ர றிவோல்வரைப் பொரிச்செடுத்தனியோ?" என்றாள். "இப்பிடியே இதை உனக்குத் தரமாட்டன். கழுவித் தா, பிறகு பாப்பம்."

பிழை என்னுடையது. மேல் மண்டபத்தில் கடதாசி விரித்து, கைப்பிடி மரத்தைக் கழற்றி, சுத்தம் செய்கிற திரவமும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு இருந்தேன். எல்லாரும் பியர் குடித்து முடித்து வீட்டுக்குப் போனார்கள். மகள் காரிலிருந்து இரண்டு முறை ஃபோன் எடுத்தாள். "காத்திரு பிள்ளை" என்றேன். கிழவி தன் வெள்ளைக் கைலேஞ்சியால் ஒவ்வொரு இடுக்கையும் துடைத்துப் பார்த்தாள். மூன்றாம் முறைதான் கைலேஞ்சி வெள்ளையாக வந்தது.

"உன்ர பேருக்கு மாத்திற அன்ட்ராக்கைக் குடு, கையெழுத்துப் போடுறன்" என்றாள்.

அட்டை வந்து, இரும்புப் பெட்டி சுவரில் பூட்டி, றிவோல்வர் என் பெயருக்கு மாறியது மாசி முதல் கிழமை. ஹம்பேர்க்குக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு தபால்காரி என் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் இருக்கிற கடதாசி இப்போது கண்ணுக்குத் தெரியாது. நான் ஒரு கையால் தூக்கிச் சுட்டேன்.

"எங்க பட்டது?"

"ஒன்பது."

"பொய்."

"ஒன்பது எண்டுறன்."

றிவோல்வரைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கடதாசியை எடுத்து வந்தேன். அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து ஓட்டையில் வைத்தேன். அவள் விரலால் ஓட்டையைச் சுற்றித் தடவி, நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

"ஒன்பது" என்றேன்.