காயக்கூடாத புண்

எங்க வீட்டுக்காரர் இருபத்திரெண்டு வருஷமா பஸ் ஓட்டறார். வண்டியில இதுவரைக்கும் ஒரு உரசல் கிடையாது. ஆனா தன் கால்ல ஏறின ஆணி மட்டும் மனுஷனுக்குத் தெரியல. ஷூவுக்குள்ள துருத்திக்கிட்டு இருந்திருக்கு, அதோடவே நாள் முழுக்க ஓட்டியிருக்கார். சாக்ஸ்ல ரத்தத்தப் பாத்து நான்தான் அலறினேன். "எனக்கே வலிக்கல, நீ ஏன் கத்தற?"ங்கறார். சர்க்கரை ஏறி ஏறி கால் மரத்துப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

வலது கால், பெருவிரலுக்கு அடியில. பிரேக் மிதிக்கிற இடம்.

முதல் ஆறு வாரம் காஸ் துணி வச்சுக் கட்டினாங்க. அடுத்த ஆறு வாரம் ஜெல் ஷீட். வியாழக்கிழமை வியாழக்கிழமை சிஸ்டர் கண்ணாடித்தாள் ஒண்ண வச்சு, புண்ணச் சுத்திப் பேனாவால கோடு போடுவாங்க. எந்தக் கட்டுக்கு நல்லா ஆறுதுன்னு அந்தக் கோட்ட வச்சுத்தான் ஒப்பிட்டுப் பாப்பாங்களாம்.

ஜெல் ஷீட்டப் பாத்ததுமே எனக்குப் பிடிக்கல. உள்ள ஒரே சொதசொதப்பு. இது என்னைக்குக் காயறது? தொடாதீங்கன்னு சிஸ்டர் சொன்னத இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டேன். தினம் மதியம் அவர் கண்ணசந்ததும் ஷீட்ட உரிச்சு, ஃபேனுக்கு நேரா கால நீட்டி வைப்பேன். கால்தான் மரத்துப் போச்சே, அவருக்கென்ன தெரியப் போகுது? நல்லாக் காஞ்சதும் பழையபடி ஒட்டிடுவேன். என் சமத்த நானே மெச்சிக்கிட்டேன்.

பன்னெண்டாவது வாரம் டாக்டர் தாளையெல்லாம் வெளிச்சத்துல பிடிச்சார். எல்லாக் கோடும் ஒரே அளவு. "இவருக்கு ஜெல்லும் கேக்கல. விரல எடுத்துடறது நல்லது."

விரல் போனா டெப்போவுல வண்டி தர மாட்டாங்க. இவர் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "என்ன கட்டு இது! தினம் பிரிச்சு ஃபேன்ல காய வச்சும் ஆறலேன்னா?"

சிஸ்டர் கத்திரியக் கீழ வச்சாங்க. "என்ன பண்ணீங்கக்கா?"

சொன்னேன்.

"ஐயோ அக்கா! புண்ணு ஆறணும், காயக்கூடாது. ஈரத்துலதான் புதுச்சதை வளரும். நீங்க தினம் உரிக்கிறப்ப அதுவும் பிஞ்சு வந்திருக்கும்!"

எங்க பக்கமும் சரி, அவர் பக்கமும் சரி, புண்ணு காஞ்சிடுச்சான்னுதான் கேப்பாங்க. காஞ்சா ஆறிடுச்சுன்னு அர்த்தம். அந்த ஒத்தை வார்த்தைய நம்பி அவர் பொழப்புக்கு நானே உலை வச்சிருக்கேன். டாக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். திட்டி முடிச்சு, ஏற்கெனவே எடுத்திருந்த எக்ஸ்ரேய மறுபடி பாத்தார். எலும்பு கெடல. "நாலு வாரம் பாப்போம். யாரும் கை வைக்கக் கூடாது."

வெளிய வந்ததும் இவர், "ஏம்மா, என் கால் என்ன துவைச்ச துணியா, காயப் போட?"ன்னார். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

அந்த நாலு வாரமும் மதியமானா கை பரபரங்கும். வாசல்ல போய் உக்காந்துக்குவேன். முதல் வியாழன் கோடு கொஞ்சம் உள்ள வந்துச்சு. நாலாவது வியாழன் பாதி. விரல எடுக்கற பேச்ச டாக்டர் அப்புறம் எடுக்கவே இல்ல.

நான் கை வைக்காம விட்டதுலேர்ந்து ஒன்பதாவது வாரம், டாக்டர் அந்த இடத்தத் தடவிப் பாத்துட்டு, "மூடிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் பத்திரமா இருந்தா வண்டி எடுக்கலாம்"ன்னார். அப்பாடா! பெஞ்சுல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

இவர் கால என் பக்கம் நீட்டினார். "எல்லாம் இருக்கா, எண்ணிப் பாத்துக்கோ."

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் ஒவ்வொரு விரலாத் தொட்டு எண்ணினேன்.