ஷாம்பு வரிசையில் பட்டாணி

முன்னால் நிற்கும் ஆளின் கூடையில் முட்டை அடியில் இருக்கிறது, வெங்காயம் மேலே. வரிசையில் அடுத்து நிற்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததை மறைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். மறுபடி மாட்டிக்கொண்டு, பில் போடும் பெண்ணுக்கு மட்டும் எட்டும் குரலில் சொல்கிறார்: "இந்த ஆளு கதவ கால்லதான் தள்ளுவான், பாரு."

அந்த ஆள் பணம் கொடுத்து, மீதியை எண்ணி, இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். கண்ணாடிக் கதவருகே அவன் என்ன செய்கிறான் என்று இருவரும் பார்க்கிறார்கள். காலால் எத்தித் திறக்கிறான். பில் போடும் பெண், ரசீதுச் சுருளை மாற்றுவதுபோல் குனிந்து சிரிக்கிறாள்.

"ரெண்டு கையிலயும் பை இருந்தா யாரா இருந்தாலும் கால்லதான் தள்ளுவாங்க, அக்கா."

"நான் தோளால தள்ளுவேன்."

கடையில் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேனர் அக்கா. அது அவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபமில்லை. "மெஷின் விலையத்தானே சொல்லும். நான் ஆளையே சொல்லுவேன்" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். அவருடைய கணவர் மட்டும் கடைக்குள் வருவதில்லை. கூட வந்தால் மானம் போகிறது என்பது அவர் கட்சி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளில் விளம்பரம்வரை படித்து முடிப்பார்.

இந்தப் பழக்கம் வேலையில் வந்தது. ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். பெயரும் முகவரியும் இல்லாத பையைத் திறந்து, உள்ளே இருப்பதை மேசையில் பரப்பி, இது எப்படிப்பட்டவருடையது என்று யோசிப்பதுதான் உத்தியோகம். உரிமை கொண்டாடி வருபவர் உண்மையானவரா, புளுகரா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலுறைகளை உருட்டி ஷூவுக்குள் திணித்து வைத்திருப்பவர் அன்றைக்கே ஓடி வருவார். ஒரே பையில் மூன்று சீப்பு வைத்திருப்பவர் ஒரு மாதம் கழித்து வந்து, பையின் நிறத்தையே தப்பாகச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு பைகள் நின்றுபோயின. கண் நிற்கவில்லை. தெருமுனையில் இந்தப் பெரிய மளிகைக்கடை திறந்தபோது, ஊரே தன் பையைத் திறந்து சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வருவதுபோல அவருக்கு இருந்தது.

வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் நியாயம் உண்டு. குழந்தையோடு வருகிறவர் வாங்குவதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அது குழந்தையின் கூடை. உடம்பு சரியில்லாதவர் வாங்கும் ரொட்டியையும் அப்படியே விட்டுவிடுவார். சாக்லேட்டைக் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளிப்பவர்களிடம் அவருக்கு ஒரு பிரியம்கூட உண்டு. "வெக்கம் இருக்கறவங்க. நம்பலாம்."

மன்னிக்காதது ஒன்றே ஒன்று. எடுத்த பொருள் வேண்டாமென்று தோன்றினால், எடுத்த இடத்துக்குப் போகச் சோம்பி, கைக்கு எட்டிய தட்டில் செருகிவிட்டுப் போவது. அப்படிச் செய்கிறவரை அவர் தன் வீட்டு வாசற்படி ஏறவிட மாட்டார். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அவர் வீட்டு மாடி வாடகைக்கு விடும் மாடி.

மாடிக்கு ஆள் பிடிக்க அவர் கையாளும் வழி இது. யாராவது ஃபோன் செய்தால், "வீட்டக் கண்டுபிடிக்கறது கஷ்டம். பெரிய மளிகைக்கடை வாசல்ல வந்து நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். என்ன கலர் சட்டை?" என்பார். நேரத்தையும் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு முன்பே கடைக்குள் போய்விடுவார். பிறகு உள்ளேயிருந்தே ஃபோன் செய்து, "சாவிய எங்கயோ வச்சுட்டேன், அரைமணி ஆகும், கோவிச்சுக்காதீங்க" என்பார். அரைமணி நேரம் வாசலில் நிற்க யாருக்கும் பொறுமை கிடையாது. உள்ளே வருவார்கள். சும்மா சுற்றுவார்கள். ஏதாவது எடுப்பார்கள். வீடு கேட்டு வந்தவர் தன்னைத் தானே விரித்துக் காட்டுவார், அவருக்கே தெரியாமல்.

இப்படித் தேர்ந்து வைத்த குடித்தனங்கள் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. கூடை பார்க்காமல் வைத்தது ஒரே ஒரு ஆள், கொழுந்தனார் கூட்டி வந்தவர். பெரிய அதிகாரி, கை நிறைய நற்சான்றிதழ். வந்த கையோடு மாடி முழுக்க மீன் தொட்டிகளை அடுக்கினார். கீழ்வீட்டுக் கூடத்தின் கூரையில் இன்றைக்கும் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்த இடத்தை மட்டும் அடிக்க வேண்டாம் என்றார் அக்கா. கொழுந்தனார் வரும்போதெல்லாம் நாற்காலியை அந்தக் கறைக்கு நேர் கீழே போட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

அந்த அதிகாரி போனபின் மாடி காலியாகவே கிடந்தது. சாயங்காலமானால் மேலே போய் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வருவார், படுக்கப் போகும்போது அணைத்துவிட்டு வருவார். மேலே நாற்காலி இழுபடும் சத்தமோ, யாராவது குறுக்கும் நெடுக்கும் நடக்கும் சத்தமோ இருந்தால்தான் அவருக்குக் கீழே தூக்கம் பிடிக்கும். கணவர், தன் குறட்டை போதாதா என்று கேட்டால், "அது பக்கத்துலேருந்து வர்றது. நான் சொல்றது மேலேருந்து" என்பார்.

கொழுந்தனார் போன வாரம் வந்து, கறைக்குக் கீழே உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார். வீடு அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. அவர் சொல்லைத் தட்ட முடியாது.

"மெத்தைக் கடைக்காரர் ஒருத்தர் மாடிய கோடவுனா கேக்கறார், அண்ணி. மெத்தை குழாயத் தொறந்து விடாது. சண்டை போடாது. ராத்திரி பாட்டு வைக்காது."

"நடக்கவும் நடக்காது."

"அதெல்லாம் ஒரு காரணமா? எத்தன பேரு வந்தாங்க, எல்லாரையும் தக்காளியப் பாத்தே திருப்பி அனுப்பிட்டீங்க. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் ஆள் அமையலன்னா அவருக்கு சரின்னு சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ. ஆனா சனிக்கிழமை நீயும் கடைக்கு வரணும். நான் பாக்கறத உன் கண்ணாலயும் பாரு."

சனிக்கிழமை மூன்று பேர் வருவதாக இருந்தது. முதலில் வந்தது சாம்பல் சட்டை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு, பளபளவென்று ஷூ. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற கொழுந்தனாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஆளு ஜம்முனு இருக்காரே அண்ணி." அக்கா ஆள் பின்னாலேயே போனார். சாம்பல் சட்டை உறைபதனப் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் பச்சைப் பட்டாணியை எடுத்தது. இரண்டு வரிசை தாண்டியது. யோசித்தது. ஷாம்பு புட்டிகளுக்கு நடுவே பொட்டலத்தைச் செருகிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது.

அக்கா பட்டாணியைத் தொடவில்லை. பழைய அலுவலகத்தில் சாட்சி வராமல் எந்தப் பொருளையும் நகர்த்த மாட்டார்கள். சாட்சியைத் தேடிப் போனால், சாட்சி மெத்தைக் கடைக்காரரோடு ஃபோனில் இருந்தார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

இரண்டாவது ஆள் கடைக்குள் வரவேயில்லை. வாசலில் நின்று கார் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். அவரை அக்கா கண்ணாடி வழியாகவே கழித்துவிட்டார்.

மூன்றாவது ஆள் ஒரு பெண். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். நீலச் சட்டை, கையில் ஹெல்மெட், இடுப்பில் கருவிப் பை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். உள்ளே வந்தவள் கூடை எடுக்கவில்லை. காய்கறி வரிசையை ஒரு பார்வை பார்த்தாள், எடுக்கவில்லை. மாவு, பருப்பு, பால் எல்லாம் அப்படித்தான். அக்காவுக்கு என்னவோ போலாயிற்று. காலிப் பை வந்தால் அவர் அலுவலகத்தில் எல்லோரும் கையைப் பிசைவார்கள். உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் ஆளைப் பற்றி என்ன சொல்வது? அவள் சோப்புப் பக்கமாகத் திரும்பியபோது கொழுந்தனார் வந்து வழியை மறித்தார்.

"எங்க உங்க பட்டாணி? காட்டுங்க."

"ஷாம்பு வரிசை. மூணாவது தட்டு. போய்ப் பாரு, தொடாத."

போனவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "மூணாவது தட்டுல ஷாம்புதான் இருக்கு. நாலாவதுலயும் ஷாம்பு. அண்ணி, தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு வயசாகுது. ஒரு நல்ல மனுஷன இப்படித்தான் திருப்பி அனுப்பறீங்களா?"

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். பட்டாணி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் மட்டும் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"ஈரத்த வச்சு கேஸ் நடத்த முடியாது, அண்ணி. சாம்பல் சட்டை வாசல்லதான் நிக்கறார். கூப்பிடட்டா? இல்ல, மெத்தையா?"

அக்கா வந்து பில் வரிசையில் நின்றார். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு குடையைக்கூட ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. இன்றைக்குக் கண்ணையே சந்தேகிக்க வேண்டியதாகிவிட்டது. வாங்கியதை நகரும் பட்டையில் ஒவ்வொன்றாக வைத்தார். வைத்து முடித்ததும், அடுத்தவர் பொருளோடு கலக்காமல் இருக்க அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் கட்டையை எடுத்துக் குறுக்கே போட்டார். பின்னால் ஆள் இல்லாவிட்டாலும் போடுவார். "யார் கணக்கு யாருதுன்னு கோடு இருக்கணும்" என்பது பில் போடும் பெண் நூறு தடவை கேட்ட வாசகம்.

கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. ஓரம் நசுங்கிய பச்சைப் பட்டாணி. வைத்தது நீலச் சட்டை.

அவள் அக்காவின் பொருள்களை ஒருமுறை ஆர அமரப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"மாடி பாத்ரூம்ல குழாய் ஒழுகுதா, அக்கா?"

அக்கா திரும்பினார்.

"குழாய்க்குச் சுத்தற டேப் வாங்கிருக்கீங்க. ஜன்னல் கொக்கி ரெண்டு, அதனால ஜன்னல் ஒண்ணு சரியா சாத்தாது. கரப்பான் மருந்து, அது பூட்டிக் கெடக்கற வீட்டுல வர்றதுதான். பல்பு மாடிப்படிக்கு. கால்மிதி புதுசு, பாலும் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. இன்னிக்கே யாரையாவது முடிவு பண்ணி டீ போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கீங்க."

பில் போடும் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. கொழுந்தனாருக்கு வாய் திறந்தபடி இருந்தது.

"நான்தான் வீட்டுக்காரின்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஃபோன்ல சட்டை கலர் கேட்டீங்களே. உள்ள வந்ததும் மொதல்ல சட்டையப் பாத்துட்டு அப்புறம் மூஞ்சியப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். பின்னாடியே வேற வந்தீங்க. சரி, நம்மள அவங்க பாக்கட்டும், அவங்கள நாம பாப்போம்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "வீட்டுல கோளாறு நிறைய போலத்தான் இருந்துச்சு. ஆனா உங்க கூடைல முட்டை எல்லாத்துக்கும் மேல இருந்துச்சு. மத்தத சரி பண்ணிக்கலாம்னு தோணுச்சு."

அக்கா பட்டாணியை விரலால் தொட்டார். "இத எங்க எடுத்த?"

"எடுக்கலை. ஷாம்பு நடுவுல எவனோ சொருகிட்டுப் போயிருக்கான். திரும்ப ஃப்ரீசர்ல போடலாம்னு பாத்தா பாதி இளகிருச்சு. போட்டா வேற யாராவது தெரியாம வாங்குவாங்க. சரி, நம்மளே வாங்கிட்டுப் போவோம்னு எடுத்துக்கிட்டேன்."

அக்கா கொழுந்தனாரின் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றி, பொறுமையாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார். கொழுந்தனார் கூரையைப் பார்த்தார். அங்கே கறை ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தார்.

"மூணாவது தட்டா?" என்று அக்கா அவளைக் கேட்டார், கொழுந்தனாரைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா. மூணாவதுதான்."

"வீட்டுல வேற யாரு?"

"அவரு மட்டும்தான். ஆஸ்பத்திரில நர்ஸ், ராத்திரி வேலை. இப்போதைக்கு ஆளுக்கொரு ஹாஸ்டல்ல இருக்கோம்." அவள் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன் அக்கா. நான் வேலைக்குக் கெளம்பும்போது அவரு வருவாரு, அவரு கெளம்பும்போது நான் வருவேன். மேல யாராவது நடந்துட்டேதான் இருப்போம். கீழ உங்களுக்குச் சத்தம் கேக்கும். இதுக்காகவே ரெண்டு வீடு வேணாம்னுட்டாங்க."

கொழுந்தனாரின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார். "மெத்தைக்காரர். என்ன சொல்லட்டும், அண்ணி?" என்று கேட்ட குரலில் பழைய சுருதி இல்லை.

"மெத்தைய அவர் கடையிலயே படுக்கச் சொல்லு."

பில் போடும் பெண் சிரித்தபடியே டேப், கொக்கி, பல்பு என்று ஒவ்வொன்றாக இழுத்து, கடைசியில் முட்டைக்கு வந்து, வழக்கம்போலக் கட்டைக்கு முன்னால் நிறுத்தினாள். அக்கா கையை நீட்டிக் கட்டையைத் தூக்கினார். பட்டாணிப் பொட்டலத்தை இந்தப் பக்கம் இழுத்து, முட்டைக்கு மேலே அல்ல, பக்கத்தில் வைத்தார். அதற்குப் பின்னால் கட்டையைப் போட்டார்.