குரல் கொடுக்காத காலை

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கு வைத்த பேர் அழுத்தக்காரி. அம்மா செத்துப்போனபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு சம்சு சாராயம் குடித்துவிட்டு அப்பா அடிக்கிற அடி லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். என் அழுகை மட்டும் கேட்காது. அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பார்த்தவர்கள் இவளுக்கு உறைக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்ன கெட்டிக்காரத்தனம்! எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

எழுபதுகளின் கடைசியில், பதினாறு வயதில், ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். செத்துப்போகலாம் என்ற நினைப்பும் தினம் கூடவே வரும். சாக ஆசையில்லை, அந்த வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. அழுத்தக்காரி அல்லவா?

பால் வெட்டும்போது பக்கத்து மர நிரையில் இருப்பவர் அவ்வப்போது "ஓய்" என்று கூவுவார். நாமும் பதிலுக்குக் கூவ வேண்டும். பாம்பு கடித்துக் கிடக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பதில் வராவிட்டால் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

ஒரு நாள் காலை நான் கூவவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரை அக்காவுக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூட. பல தடவை கூவிப் பார்த்துவிட்டுப் புதரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாம்பு கடிச்சிருச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல?"

"செத்துரலாம் போல இருக்குக்கா."

சொன்ன பிறகுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன். அவள் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது, அவள் மரங்களில் பாதி வெட்டாமலே நின்றன. கங்காணி வந்து கத்தினார்.

"இவளுக்கு முடியல. நான் இங்கதான் இருப்பேன், போங்க லா!" என்று அவள் அதைவிட உரக்கக் கத்தினாள்.

அன்று சாயங்காலமே துணிமூட்டையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் நின்று ஏசினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நினைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகும் வந்தது. வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன், அக்காவிடம், அப்புறம் டாக்டரிடமும். அழுத்தக்காரி என்றவர்கள் இப்போது வாயாடி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அக்கா செமோரில் இருக்கிறாள். காலையில் போன் அடித்து, நலம்கூடக் கேட்காமல் "ஓய்" என்பாள். ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி நானும் "ஓய்" என்று கூவுவேன்.