மஞ்சள் தாளில் தன் பெயர் எழுதாதவள்

மூன்றாவது நாற்காலியிலும் உட்கார்ந்து பார்க்கிறாள். எழுந்து அதை ஜன்னல் பக்கம் ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி உட்காருகிறாள். முகத்தில் வெயில் விழுகிறது. "இங்க உக்காந்தா கண்ணு கூசும். அழறவங்க வெயில் மேல பழி போட்டுடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்கே இழுக்கிறாள். பத்து மணிக்கு ஒரு குடும்பம் வரப்போகிறது. அவர்கள் உட்காரப்போகும் ஒவ்வொரு நாற்காலியிலும் தான் முதலில் உட்கார்ந்து பார்க்காமல் அவள் ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடையையும் பேச்சையும் மறுபடி பழக்கும் பகல்நேர மையம் எங்களுடையது. நோயாளியை எப்படித் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வாரத்தில் மூன்று நாள் நான் போகிறேன். உறவு இல்லாவிட்டாலும் அங்கே சின்னவர்களுக்கெல்லாம் நான் பெரியம்மா. இவள் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். புதிதாக வரும் குடும்பத்தோடு முதலில் பேசுவதும், மஞ்சள் தாளில் விவரம் எழுதுவதும் இவள் பொறுப்பு. வயது முப்பத்துநான்கு. மையத்தில் இவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒருநிமிஷம்'. என்ன கேட்டாலும் பதிலுக்கு முன்னால் அந்த வார்த்தை வரும். "டீயா, காப்பியா?" "ஒரு நிமிஷம்..." கேன்டீன்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒற்றைப்படைத் தேதியில் டீ, இரட்டைப்படையில் காப்பி என்று தானே முடிவு செய்துவிட்டார். முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால் இரண்டு நாளும் டீதான். அவள் புகார் சொன்னதில்லை.

அடுத்தவர் குடும்பத்தில் மட்டும் அவளுக்குக் குழப்பம் கிடையாது. போன மாதம் இரண்டு மகன்கள், அப்பாவை வீட்டில் வைத்துப் பார்ப்பதா முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று அவள் எதிரில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மகன்களைப் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த அவர்களுடைய அம்மாவைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்குனீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா பதில் சொல்வதற்குள் மகன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை முறைப்படி படித்துக்கொள் என்று பெரிய டாக்டர் விரட்டியதில், மருத்துவ சமூகப்பணி முதுகலைக்கு இரண்டு கல்லூரிகளில் விண்ணப்பித்தாள். ஒன்றில்தான் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். இரண்டிலும் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு கல்லூரி இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. மாலை வகுப்பு, மூன்று வருஷம், களப்பயிற்சி எங்கள் மையத்திலேயே. இன்னொன்று ரயிலில் ஒன்பது மணி நேரம். இரண்டு வருஷம், விடுதி வாசம். அங்கே முதல் வருஷமே மனநலப் பிரிவில் நோயாளிகளோடு உட்கார வேண்டும். மாணவர் பேசுவதைப் பதிவுசெய்து, வாராவாரம் ஆசிரியர் கூட உட்கார்ந்து கேட்பாராம். நடுவில் நிறுத்தி, "இந்த இடத்துல எதுக்கு அவசரப்பட்டே?" என்பாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் 'ஒரு நிமிஷம்' சொல்வதில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள்.

"அப்ப அங்க போயேன்" என்றேன்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. அதான் பிரச்சினையே. அப்புறம் அம்மாவ யாரு எழுப்பறது?"

அம்மாதான் அவளை இந்த மையத்துக்குக் கொண்டுவந்தவர். ஆறு வருஷம் முன்பு அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சில் 'சரி', 'போதும்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் மிச்சம். இரண்டு வருஷம் பயிற்சிக்கு வந்தார். மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்ததும் அம்மா வருவது நின்றுவிட்டது. வீடு நான்கு நிமிட நடை. பதினொன்று, ஒன்று, மூன்றரை மணிக்கு இவள் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடுவாள். அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பி, குளியலறைக்கு அழைத்துப்போய், திரும்ப உட்காரவைத்துவிட்டு ஓடி வருவாள். மாடியில் தம்பியும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். "அவங்க நல்லவங்கதான். ஆனா என் கை வந்தாதான் அம்மா எழுந்திருப்பாங்க."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கல்லூரிக்குச் சம்மதம் எழுதாவிட்டால் இரண்டு இடமும் போய்விடும். புதன்கிழமை வரை பத்தொன்பது பேரிடம் கேட்டிருந்தாள். மையத்தில் மட்டும் பெரிய டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. பல் பிடுங்க வாயைத் திறந்தபடியே பல் டாக்டரிடமும் கேட்டாளாம். அவர் தூரத்துக் கல்லூரி என்றார். அவருடைய உதவியாளர் பக்கத்துக் கல்லூரி என்றார்.

புதன்கிழமை எங்கள் மையத்தில் கூட்டம். அந்த வாரத்து மஞ்சள் தாள்களைச் சின்ன டாக்டர் வாசிப்பார். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வெளியே வம்பாகிவிடக் கூடாது என்று பெரிய டாக்டர் போட்ட விதி. யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள்வது ஒருநிமிஷத்தின் வேலை.

ஐந்தாவது தாளை எடுத்தார். "பெண், வயது முப்பத்துநான்கு. பிரச்சினை: இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துள்ளது. தேர்ந்தெடுக்க இயலவில்லை. இதுவரை ஆலோசனை கேட்டது பத்தொன்பது பேரிடம்..." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது யாரு, நம்ம பேஷன்ட்டோட பொண்ணா?"

எனக்குப் புரிந்துவிட்டது. தாள் இல்லாமல் அவளுக்கு யோசிக்க வராது. தன்னையே ஒரு கேஸாக எழுதிப் பார்த்திருக்கிறாள். எழுதியதைப் பையில் மற்ற தாள்களோடு வைத்திருக்கிறாள், அது தவறி டாக்டர் கைக்குப் போய்விட்டது.

"ஒரு நிமிஷம் டாக்டர்..." என்றாள். அவள் எப்போதும் சொல்வதுதானே. யாரும் காதில் வாங்கவில்லை.

"பத்தொன்பது பேரா? இருபதாவதா நம்மளையும் புடிச்சிட்டாங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். ஆள் இளவட்டம், வாய் சும்மா இருக்காது.

"பக்கத்துல சேரட்டும். படுத்த அம்மாவ விட்டுட்டு அப்படி என்ன படிப்பு?" என்றார் தலைமை நர்ஸ்.

"அக்கா, நீங்க சொல்ற மாதிரி கேட்டிருந்தா நான் இன்னும் எங்க வீட்டு மாடிப்படியிலதான் உக்காந்திருப்பேன்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். "தூரமாப் போகட்டும். ரெண்டு வருஷம் ஓடிடும்."

இருவருக்கும் சண்டை முற்றியது. ஒருநிமிஷம் குனிந்தபடி, தன்னைப் பற்றிய ஒவ்வொரு வார்த்தையையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் குறித்துக்கொண்டிருந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் தாளை வாங்கிப் பார்த்தார். "'தாயாரால் தாமாக எழ இயலாது' அப்படின்னு போட்டிருக்கு. எப்ப சோதிச்சாங்க? தேதியே காணோமே? அந்தம்மாவால எழுந்திருக்க முடியலன்னு இவங்க கை குடுக்கறாங்களா, இவங்க கை குடுக்கறதால அந்தம்மா எழுந்திருக்கறதில்லையா?"

பேனா நின்றது. எங்கள் பயிற்சி அறைச் சுவரில், 'கை கொடுப்பதற்கு முன் பத்து வரை எண்ணுங்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியது அவள்தான். வரும் குடும்பத்துக்கெல்லாம் விரலால் தொட்டுக் காட்டுவதும் அவள்தான்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரணும். எழுதிக்கம்மா" என்றார் டாக்டர். "யாரு போறீங்க?"

"நான் போறேன்" என்றேன்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து என் முந்தானையைப் பிடித்தாள். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க பெரியம்மா?"

"அந்தப் பத்தொன்பது பேர்ல நானும் ஒருத்திதானே. நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

"ஒரு நிமிஷம்..."

"அஞ்சு மணிக்கு வரேன்."

வியாழக்கிழமை போனேன். முன்னறையில் கைப்பிடி வைத்த நாற்காலி, கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியது. அம்மா அதில் இருந்தார். பெரிய உடம்பு இல்லை. இடது கை நல்ல பலமாக இருந்தது. என் கையைப் பிடித்தபோதே தெரிந்தது. நாற்காலியின் வலப்புறத்தை ஒட்டி மகளின் ஸ்டூல். அதன் கால் பட்டுப் பட்டுத் தரையில் நான்கு வட்டத் தழும்பு. ஃபிரிட்ஜின் மேல் கல்லூரிகளின் இரண்டு கடிதங்களும் அருகருகே கிடந்தன.

"பாருங்க பெரியம்மா. அம்மா, பக்கத்துக் காலேஜுல சேரட்டுமா?"

"சரி."

"தூரத்துல சேரட்டுமா?"

"சரி."

மாடிப்படியில் நின்றிருந்த தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "அண்ணி, இதுக்குக் காச சுண்டிப் போட்டுடலாம்."

"போட்டேன். ரெண்டு தடவ. ஒரு தடவ பூ, ஒரு தடவ தல."

நான் அம்மாவிடம், "ஜன்னல் வரைக்கும் போலாமாம்மா?" என்றேன். அவர் இடது கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார். அந்தக் கை கைப்பிடியைத் தொடும் முன்பே மகளின் கை அக்குளில் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவின் கை உடனே மடிக்குத் திரும்பியது. இதைத்தான் பார்க்க வந்தேன்.

"ஸ்டூல எடுத்து எதிர்ல போடு."

"விழுந்துட்டாங்கன்னா?"

"நான் அந்தப் பக்கம் நிக்கறேன். அறுபது கிலோவெல்லாம் தாங்கிப் பழக்கம்."

"ஒரு நிமிஷம் பெரியம்மா..."

அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்தேன். ஸ்டூலை எதிரில் போட்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். ஒரு சாண் பின்னால் தள்ளினாள். உட்கார்ந்தாள். நான் அம்மாவின் வலப்புறம் முழங்காலை மடக்கி நின்றுகொண்டேன். தம்பி மனைவி இரண்டு படி இறங்கி வந்தாள்.

அம்மா எங்கள் மூவரையும் பார்த்தார். இடது பாதத்தைப் பின்னுக்கு இழுத்தார். நான்கு வருஷத்துக்கு முன் சொல்லிக்கொடுத்தது, உடம்பு மறக்கவில்லை. இடது கை கைப்பிடியை அழுத்தியது. முன்னால் சாய்ந்தார், பாதியில் நின்றார், தோள் நடுங்கியது.

எதிரில் மகளின் வலது கை தன்னால் எழும்பியது. அதை அவளே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராமல் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.