கர்டிஸ் பெயருக்கு ஓர் அர்ச்சனை: காப்பெலிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு சனிக்கிழமை

டாலஸ் பக்கமிருந்து ஹூஸ்டனுக்குக் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நாங்கள் போனது தொண்ணூறுகளின் பின்பாதியில், ஒரு பிப்ரவரி மாதம். விலையெல்லாம் அந்தக் காலத்து விலை, அதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். சாலை அதே சாலைதான்.

போனதற்குக் காரணம் நானில்லை, என் மனைவி சுமதி. எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட். அவள் பெரியகுளத்துக்காரி. அந்த ஊரில் கோடை வந்தால் ஜனங்கள் கூடைப்பந்து மைதானத்தில்தான் இருப்பார்கள். கல்லூரி அணியில் கார்டாக ஆடியவள், அதாவது பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம். கல்யாணமாகி டாலஸ் பக்கத்துக் காப்பெலுக்கு வந்தபோது அவளுக்கு ஹெச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. காலையில் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிப்பாள். அப்படித்தான் கர்டிஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

கர்டிஸ் ஹூஸ்டன் அணியின் கார்டு. ஆறடி உயரம். அந்த ஆட்டத்தில் ஆறடி என்றால் குள்ளன் என்று அர்த்தம். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கிட்டத்தட்டக் கடைசியாக, போனால் போகிறதென்று எடுக்கப்பட்டவர். முதல் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்தார். பிறகு இடம் கிடைத்தது, விடவில்லை. லீகிலேயே அதிகம் பந்து பறித்தவர் என்ற பெயர், ஆல்-ஸ்டார் ஆட்டங்கள், பட்டம் வென்ற அணிக்குத் தரும் சாம்பியன் மோதிரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. இப்போது அணியின் வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தவர் என்ற சாதனைக்கு அருகில் வந்திருந்தார். அசிஸ்ட் என்றால், நாம் கொடுத்த பந்தை வாங்கியவர் உடனே கூடையில் போட வேண்டும். அவர் தவறவிட்டால் நம் பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் ஏறாது. "இதுல இன்னொருத்தரை நம்பித்தாங்க record" என்பாள் சுமதி.

டிசம்பரிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். இந்தச் சராசரியில் போனால் பிப்ரவரியில் இந்தச் சனிக்கிழமை, சொந்த ஊரில், சாதனை உடையும். தலைக்கு 28 டாலர் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினோம். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிப்ரவரி வந்ததும் மனுஷனுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, வாரி வழங்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் சனிக்கிழமைக்கு முன் இரண்டு வெளியூர் ஆட்டங்கள் இருந்தன. அந்த வேகத்தில் போனால் அங்கேயே சாதனை முடிந்துவிடும், நாங்கள் வெறும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சுமதிக்குத் தூக்கம் போய்விட்டது. திங்கட்கிழமை டாலஸ் பக்கத்துக் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையார் முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாய் என்று காரில் கேட்டேன்.

"இந்த ரெண்டு match மட்டும் கொஞ்சம் கம்மியா ஆடட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கர்டிஸ் ஒருவர் காலின் மேல் இறங்கி, கணுக்கால் மடங்கிக் கீழே விழுந்தார். இரண்டு பேர் தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை. சாதனைக்கு இன்னும் ஆறு அசிஸ்ட் பாக்கி, சனிக்கிழமை ஆடுவாரா என்று யாருக்கும் தெரியாது.

"டிக்கெட் போனா போகுது, வீட்லயே இருக்கலாமா?" என்றேன்.

"இல்லீங்க, போகணும். ஹூஸ்டன்லயும் கோயில் இருக்கில்ல, அவர் ஊர்லயே நான் வேண்டினதை வாபஸ் வாங்கணும்."

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். டாலஸ் நகரத்தைத் தாண்டும்வரைதான் கொஞ்சம் நெரிசல், பிறகு 45-ஆம் ஃப்ரீவே தெற்கே நேராகப் போகிறது. மாடு, வேலி, மறுபடி மாடு. பஃபலோ என்ற சின்ன ஊரில் பெட்ரோல் போட்டோம், கேலன் ஒரு டாலர் ஒன்பது சென்ட். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தை அங்கேயே காரில் சாப்பிட்டோம். ஹூஸ்டனைத் தாண்டித் தெற்கே கோயில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து 268 மைல். மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

ஐந்து டாலர் அர்ச்சனைச் சீட்டை நீட்டினாள். குருக்கள் நடுவயதுக்காரர், ஸ்வெட்டருக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டிருந்தார்.

"பேரு?"

"கர்டிஸ்."

குருக்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. Basketball ஆடறவர்."

"அந்த point guard-ஆ? கால் மடங்கிடுத்தே, அவரா?" குருக்கள் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் டிவில பாத்தேன். மனசே ஆறல போங்கோ. நட்சத்திரம் தெரியலேன்னா பரவால்ல, சுவாமி நட்சத்திரத்தையே சொல்லிப் பண்ணிடறேன். ஆறு assist தானே பாக்கி? அதையும் சேத்து வேண்டிக்கோங்கோ."

"அய்யோ, வேண்டாம் சாமி" என்று பதறிவிட்டாள் சுமதி. "இனிமே record பத்தி நான் எதுவுமே கேக்க மாட்டேன். நான் பாக்கலைன்னாலும் பரவால்ல. கால் சரியானா போதும்."

குருக்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் மந்திரத்துக்கு நடுவே கர்டிஸ் என்ற பெயர் கணீரென்று கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இந்த இடத்திலேயே அறிவுரைகளைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் யாரும் படிப்பதில்லை. அரங்கத்துக்கு ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். எங்களுக்கு ஆறு டாலர் ஆனது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், மிச்ச எலுமிச்சைச் சாதத்தைக் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். இரவே 268 மைல் திரும்பி ஓட்டலாம் என்ற வீரமெல்லாம் வேண்டாம். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் சொந்தக்காரர் இருந்தால் தங்குங்கள், ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் அங்கே போகாதீர்கள். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள், பாதி ஆட்டம் போய்விடும். நாங்கள் 44 டாலருக்கு மோட்டல் எடுத்தோம். முக்கியமாக, கேமராவை நம்பி ஆட்டத்தைக் கோட்டை விடாதீர்கள்.

ஏழரைக்கு ஆட்டம். அணி ஓடிவந்தபோது கர்டிஸும் வந்தார், கணுக்காலில் தடித்த கட்டு. அரங்கமே எழுந்து கத்தியது. சுமதி மட்டும் கத்தவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவரைப் பெஞ்சில்தான் வைத்திருந்தார்கள். இரண்டாம் கால்பகுதியில் இறங்கினார். ஓட்டத்தில் பழைய வேகம் இல்லை, வலது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார். ஆனால் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. எங்கோ பார்த்துக்கொண்டு எங்கோ பந்தைக் கொடுத்தார். ஒன்று, இரண்டு என்று ஏறி, மூன்றாம் கால்பகுதி முடிவில் ஐந்து.

கடைசிக் கால்பகுதியில் சோதனை வந்தது. புதிதாகச் சேர்ந்த ஏழடிப் பையன் ஒருவன் கூடைக்கு அடியில் நின்றான். கர்டிஸ் அவன் கைக்குள்ளேயே பந்தை வைத்தார். அவன் தவறவிட்டான். இன்னொரு முறை கொடுத்தார், அதுவும் விளிம்பில் பட்டு வெளியே போனது. மூன்றாவது முறை பந்தே கையிலிருந்து நழுவியது. கர்டிஸ் அவன் முதுகில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். கேட்க மாட்டேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்று, பெரியகுளத்துக் குரலில், "டேய் நெட்டக்கொக்கு, போடுடா! போட்டுத் தொலைடா!" என்று கத்தினாள்.

பக்கத்து சீட்டில் கௌபாய் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். பந்தைக் கூடையில் போடச் சொல்கிறாள் என்றேன். நல்ல யோசனை என்று அவரும் எழுந்து "போடுடா" என்றார். அவருக்குப் பின்வரிசையும் அதைப் பிடித்துக்கொண்டது. டெக்சாஸ்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் "போடுடா, போடுடா" என்று கத்துவதை நான் என் வாழ்நாளில் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

கர்டிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் ஒருவர் காலியாக நின்றார், நல்ல கை உள்ளவர். அவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. "அந்தப் பையன்கிட்டதான் கொடுப்பார்" என்றாள் சுமதி. அப்படியே, மூன்று முறை தவறவிட்ட அதே பையனிடம் கொடுத்தார். பையன் இரண்டு கையாலும் பந்தை வளையத்துக்குள் அமுக்கிவிட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். மேலேயிருந்து காகிதத் துண்டுகள் கொட்டின. தொப்பிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் அந்தப் பந்தைக் கொண்டுவந்து கர்டிஸ் கையில் கொடுத்தார். அவர் அதை உயர்த்திக் காட்டவில்லை. மைதானத்தின் மறுகோடியில் வெட்கத்தோடு நின்ற அந்தப் பையனை நோக்கி ஓடிப் போய், பந்தை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். அரங்கத்துக் கூட்டம் முழுக்க அந்தப் பந்தைப் பார்த்து ஆர்ப்பரித்தது.

சுமதி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓடறாருங்க! காலைப் பாருங்க, நொண்டவே இல்ல, ஓடறாரு!"